எட்டே முக்காலுக்கு வீடு திரும்பி ஒன்பதரைக்குச் சாப்பிட: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இரவு எட்டே முக்காலுக்கு அறைக் கதவைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை அரிசி களைவது. பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, கை கழுவி, முக்கால் டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டு தடவை களைந்து, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிடுவேன். அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. அதற்கப்புறம்தான் உடை மாற்றுவது, குளிப்பது, ஊருக்குப் பேசுவது எல்லாம். அரிசி ஊறிவிட்டால் அன்றைக்கு வீட்டுச் சாப்பாடு உறுதி. கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்துவிட்டால் அன்றைக்குப் பார்சல்தான்.

விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்து மடிவாளாவில் அறை எடுத்த முதல் ஆறு மாதம் எனக்குத் தெரிந்த சமையல் குறிப்புகள் குறைவில்லை. அம்மா ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் வாரத்தில் ஐந்து நாள் வெளியேதான் சாப்பிட்டேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றுவிட்டு வருகிற உடம்புக்கு "என்ன செய்யலாம்" என்று யோசிப்பதே பெரிய பாரம். அந்த யோசனையை இல்லாமல் செய்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. கீழே எழுதுவதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

அடுப்பும் பாத்திரமும்

இண்டக்ஷனா, கேஸா என்பதை நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் அறையின் பிளக் பாயிண்ட் முடிவு செய்துவிடும். இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2000 வாட் வரை இழுக்கும். ஒன்பது ஆம்பியருக்குப் பக்கம். போன் சார்ஜ் போடுகிற சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது. கீசருக்கு இருப்பது போன்ற பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் சமையலறையில் இருக்கிறதா என்று அறை பார்க்கப் போகும்போதே பாருங்கள். இல்லையென்றால் 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். பெரிய சிலிண்டருக்குக் கேட்கிற மாதிரி முகவரிச் சான்று இதற்குத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். வாடகை ஒப்பந்தம் கைக்கு வராத முதல் மாதத்தில் இது பெரிய உதவி. பி.ஜி. விடுதியில் தங்குபவர்கள் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து அலுமினியக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கவனிக்க: அது இண்டக்ஷனில் சூடாகாது. அடிப்பாகத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் செய்யாது. புதிதாக வாங்குவதென்றால் 3 லிட்டர் எவர்சில்வர் குக்கர், அடி தட்டையான இரும்பு வாணலி, தாளிப்புக் கரண்டி, ஒரு கத்தி, பூண்டு மிளகு தட்ட சின்ன இடிகல் போதும். மிக்ஸி இப்போது வேண்டாம். மிக்ஸி இல்லாமல் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன், குறை தெரியவில்லை.

குக்கரைப் பற்றி இன்னொன்று. வந்த புதிதில் ஒருநாள் பருப்பை நிறையப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். பருப்பு பொங்கி விசில் துவாரம் அடைத்துக்கொண்டது. விசிலே வரவில்லை. நான் வெளியே வந்தபோது சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு, கூரை வரைக்கும் மஞ்சள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே ஊற வைத்துவிட்டுக் குளியுங்கள். அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்காதீர்கள். பருப்பு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, துவாரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு விநாடி வேலை.

கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்பது

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கமெல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம். மற்ற இடங்களிலும் கடைக்காரருக்குப் பெரும்பாலும் தமிழ் புரியும். இருந்தாலும் பத்து வார்த்தை கன்னடத்தில் தெரிந்துகொண்டு போனால் முகம் மலர்ந்து தருவார்கள். துவரம்பருப்பு தொகரி பேளே. பாசிப்பருப்பு ஹெசரு பேளே, உளுந்து உத்தின பேளே. கடுகுக்குச் சாசிவே, பெருங்காயத்துக்கு இங்கு, புளிக்கு ஹுணசே ஹண்ணு. பொட்டுக்கடலை ஹுரிகடலே. அவல் அவலக்கி. வெங்காயம் ஈருள்ளி, பூண்டு பெள்ளுள்ளி. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு உள்ளி பழகிய சொல்தான், அவர்களுக்குச் சிரமமில்லை. கீரை எதுவானாலும் சொப்பு.

வெறுமனே அரிசி என்று கேட்டால் சோனா மசூரி பச்சரிசியை நிறுத்துத் தருவார்கள். நம் பொன்னிப் புழுங்கலும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். அவசரச் சமையலுக்குச் சோனா மசூரியே நல்லது, சீக்கிரம் வெந்துவிடும். ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் போதும். புழுங்கலரிசிக்கு மூன்று விடுங்கள்.

காய்கறிக்கு ஹாப்காம்ஸ் கடையைப் பழகிக்கொள்ளுங்கள். 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கி வளர்ந்தது அது. விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசுகிற வேலை இல்லை. இரண்டு தக்காளி, நாலு கத்தரிக்காய் என்று ஒரு ஆளுக்கான அளவில் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள். தனியாக இருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

முதல் தடவை வாங்க வேண்டியது: அரிசி 2 கிலோ, துவரை அரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, கெட்டி அவல், ரவை, கடுகு, சீரகம், மிளகு, மிளகாய் வற்றல், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பெருங்காயம், புளி, உப்பு, நல்லெண்ணெய். சாம்பார்ப் பொடி ஊரிலிருந்து வரட்டும். இதற்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள். முதல் மாதத்தில் ஆசைப்பட்டு வாங்கிய மசாலாப் பாக்கெட்டுகள்தான் ஆறாவது மாதம் வண்டு பிடித்துக் கிடக்கும்.

அரிசி பருப்பு சாதம்: இதை மட்டும் கைப்பழக்கமாக்குங்கள்

கொங்கு நாட்டு வீடுகளில் அலுப்பான நாளுக்கென்றே இருக்கிற சாப்பாடு இது. விருதுநகர்க்காரனான எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து அறையில் இருந்த பொள்ளாச்சி அண்ணன். "தம்பி, சாம்பார் தனியா, சோறு தனியான்னு எதுக்கு ரெண்டு வேலை? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடு" என்றார். வாரத்தில் இரண்டு நாள் இன்றுவரை எனக்கு இதுதான்.

ஊற வைத்த அரிசியும் பருப்பும் அளந்த மூன்று டம்ளர் தண்ணீரோடு தயாராக இருக்கிறது. இருபது நிமிடம் ஊறினால் போதும். அளந்த தண்ணீரிலேயே ஊற வைப்பதில் ஒரு வசதி உண்டு: கலக்கத்தில் தண்ணீர்க் கணக்கு தப்பாது, அப்படியே கவிழ்த்துவிடலாம்.

குக்கரில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் காயட்டும். கடுகு வெடித்ததும் சீரகம், இரண்டு வற்றல், கறிவேப்பிலை. பிறகு பூண்டு ஆறு பல், உரித்த சின்ன வெங்காயம் எட்டு. வெங்காயத்தை நறுக்க வேண்டாம், முழுசாகவே போடலாம். வெந்த பிறகு ஒன்று வாயில் அகப்பட்டால் இனிப்பாகக் கரையும். வெங்காயத்தின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி ஒன்று, மஞ்சள்தூள் கொஞ்சம், மிளகாய்த்தூள் அரைக் கரண்டி, பெருங்காயம், உப்பு. தக்காளி குழைந்து ஓரத்தில் எண்ணெய் விடும்போது அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றிக் கிளறி ஒரு கொதி வரவிட்டு மூடுங்கள். நல்ல தீயில் மூன்று விசில், தீயைக் குறைத்து ஐந்து நிமிடம், அணைத்துவிடுங்கள். பிரஷர் தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி அவசரமாக ஆவியை விட்டால் மேலே வெந்தும் அடியில் நீராகவும் நிற்கும்.

திறக்கும்போது மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடியோடு ஒரு கிளறு கிளறிவிட்டு, தட்டு கழுவி எடுப்பதற்குள் இறுகிவிடும். நெய் ஒரு கரண்டி. தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய், இல்லாவிட்டால் தயிர். இந்த அளவு ஒரு ஆளுக்கு இரவுக்கும் மறுநாள் மதிய டப்பாவுக்கும் வரும்.

பருப்பு வேகவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். தவறு பருப்பிலோ உங்களிடமோ இல்லை, தண்ணீரில் இருக்கலாம். ஊர் ஓரத்துப் பகுதிகளில் காவிரித் தண்ணீர் வராத கட்டடங்களில் போர்வெல், டேங்கர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். புளியும் அப்படித்தான்; பருப்பு வெந்த பிறகே புளி. இன்னொரு காரணம் இந்த ஊரின் உயரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறோம், தண்ணீர் 97 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் சென்னையைவிட நேரம் பிடிக்கும். முட்டை வேகவைக்கும்போதும் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். குக்கரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு போட்டால் ஊற வைக்காமலே செய்யலாம். மிளகு, சீரகம், இஞ்சி மட்டும் தாளித்தால் அது பொங்கல் பக்கம் போய்விடும். காய்ச்சல் நாளுக்கு அது நல்லது.

சொப்பு

இந்த ஊரில் தனியாக இருப்பவர்கள் தவறவிடுவது கீரையைத்தான். காலையில் தெருவில் தள்ளுவண்டியில் "சொப்பூ" என்று குரல் கேட்கும்போது நாம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்போம். ஒரு நிமிடம் நின்று ஒரு கட்டு வாங்கிவிடுங்கள். கழுவாமல் வேரை மட்டும் வெட்டிவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. கழுவி வைத்தால் மறுநாளே அழுகும்.

எங்கள் தெரு வண்டிக்கார அக்காவிடம் ஒருநாள் கொத்தமல்லி என்று நினைத்து ஒரு கட்டை எடுத்தேன். மெல்லிய ஊசி ஊசியான இலை, சோம்பு போல ஒரு வாசனை. "அது சப்பசிகே தம்பி, சதகுப்பை. உங்க ஊர்ல திங்க மாட்டாங்க, ஆனா ஒரு தடவ பருப்போட செஞ்சு பாரு" என்றார். செய்து பார்த்தேன். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் கால் மணி நேரம் ஊற வைத்து வடித்துக்கொள்ளுங்கள். வாணலியில் கடுகு, வற்றல், நாலு பல் தட்டிய பூண்டு தாளித்து, பருப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடுங்கள். பருப்பு நசுங்குகிற பதம் வந்ததும் பொடியாக நறுக்கிய கீரை, உப்பு. மூன்று நிமிடத்தில் சுருங்கிவிடும். முதல் வாய்க்கு வாசனை புதிதாக இருக்கும். நாலாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளத் தோன்றும். வெந்தயக்கீரையிலும் இதே செய்முறைதான். பாலக்கை மட்டும் பருப்போடு குக்கரில் இரண்டு விசில் விட்டுக் கடைந்துவிடலாம்.

மார்கழி, தை வாக்கில் வந்திருந்தால் அவரேக்காய்க் காலம், நம் ஊர்ப் பச்சை மொச்சைதான். உரித்த பருப்பாகவே கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். உப்புமாவிலோ மேலே சொன்ன சாதத்திலோ ஒரு கைப்பிடி போட்டால் அன்றைக்கு வேறு தொடுகறி வேண்டாம்.

பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால்

கெட்டி அவலைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் காட்டி எடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் கடுகு, நிலக்கடலை, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்துவிடலாம். அவலைக் கொட்டி மஞ்சள், உப்புப் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பு எரியும்போது பிழிந்தால் கசக்கும். தாளிக்கக்கூடத் தெம்பில்லாத நாளில் ஊறிய அவலில் தயிர், உப்பு, ஒரு துண்டு ஊறுகாய்.

ரவை உப்புமாவுக்கு ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர், ரவையை வாசம் வர வறுத்திருக்க வேண்டும். வேறு சூட்சுமம் கிடையாது.

ரசத்துக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரண்டு தக்காளியைக் கையாலேயே பிசைந்துவிட்டு, மஞ்சள், உப்பு, பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். இடிகல்லில் மிளகு அரைக் கரண்டி, சீரகம் ஒரு கரண்டி, பூண்டு நாலு பல் தோலோடு. மைய வேண்டாம், மிளகு உடைந்து, பூண்டு நசுங்கினால் போதும். இதைப் போட்ட பிறகு அடுப்பை விட்டு நகராதீர்கள். ஓரத்திலிருந்து நுரை கிளம்பி நடுவில் கூடி மேலே பொங்கி வரும். அந்த நொடியில் அணைக்க வேண்டும். கொதித்துவிட்டால் அந்த மணம் சமையலறையோடு போய்விடும், ரசத்தில் மிஞ்சாது. மேலே கொத்தமல்லி, நெய்யில் கடுகு, கறிவேப்பிலை. சோறும் ஒரு முட்டைப் பொடிமாஸும் இருந்தால் முழுச் சாப்பாடு.

இட்லி மாவை ஆரம்பத்தில் அறையில் அரைக்க முயற்சி செய்ய வேண்டாம். டிசம்பர், ஜனவரி குளிரில் இங்கே மாவு சீக்கிரம் புளிக்காது, மனம் விட்டுப்போகும். பாக்கெட் மாவு வாங்குங்கள். மூன்றாம் நாள் புளித்துவிட்டால் வெங்காயம், மிளகாய் போட்டு ஊத்தப்பம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

வாரத்துக்கு ஒரு தடவை தக்காளித் தொக்கு கிண்டிவிடுங்கள். ஒரு கிலோ நாட்டுத் தக்காளி, பொடியாக நறுக்கியது. வாணலியில் அரை டம்ளர் நல்லெண்ணெய். எண்ணெய் அதிகமாகத் தோன்றும். குறைக்காதீர்கள், கெடாமல் காப்பது அதுதான். கடுகு வெடித்ததும் தக்காளி, உப்பு, ஒரு துண்டு புளி. முதல் கால் மணி நேரம் சாறு விட்டுக் கொதிக்கும், நீங்கள் வெங்காயம் உரிக்கலாம். அடுத்த கால் மணி நேரம் தெறிக்கும், தள்ளி நின்று கிளற வேண்டும். தெறிப்பது நின்று, கரண்டியால் தள்ளினால் வாணலியின் அடி தெரிந்து எண்ணெய் பிரிந்து வந்து நிற்கும்; அப்போது மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை, பெருங்காயம், ஒரு துண்டு வெல்லம். இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். ஒரு கிலோ தக்காளி வற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்கூட நிறையாது. ஈரமில்லாத கரண்டி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். சோற்றில் பிசையலாம், தோசைக்குத் தொடலாம், கடையில் வாங்கிய சப்பாத்தியில் தடவிச் சுருட்டிக்கொண்டு ஓடலாம்.

அதே நேரத்தில் சின்ன வெங்காயம் ஒரு கைக்கு உரித்து டப்பாவில் போடுங்கள். கறிவேப்பிலையை உருவித் துடைத்து இன்னொரு டப்பாவில். வார நாளில் உங்களைத் தடுப்பது இந்த உரிக்கிற வேலைதான்.

மிச்சச் சோற்றை வெளியே போட்டு வைக்காதீர்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் வளர்கிற கிருமியின் நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோர், உப்பு, இரண்டு சின்ன வெங்காயம், கொஞ்சம் தொக்கு. அதைவிட வேகமான காலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது. அன்று காலையே சாப்பிட்டுவிட வேண்டும், சாயங்காலத்துக்கு வைக்கக் கூடாது.

முதல் வாரத்துக்கு ஒரு கணக்கு

திங்கள் அரிசி பருப்பு சாதம், செவ்வாய் மதியம் டப்பாவில் அதே. செவ்வாய் இரவு சோறும் ரசமும் முட்டையும். புதன் தோசை, தொக்கு. வியாழன் பாசிப்பருப்பும் கீரையும். வெள்ளிக்கிழமை உடம்பு ஓய்ந்திருக்கும், அவல் போதும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மாற்றாதீர்கள்; கை பழகிய பிறகு நீங்களே மாற்றிக்கொள்வீர்கள்.

சனிக்கிழமை சமைக்க வேண்டாம். காந்தி பஜார் பக்கமோ மல்லேஸ்வரத்துக்கோ போய், வெண்ணெய் மினுங்க முறுகலாக வார்க்கிற மசாலா தோசையை நின்று நிதானமாகச் சாப்பிடுங்கள். திரும்பி வருகிற வழியில் ஒரு கிலோ தக்காளி வாங்கி வந்துவிடுங்கள், நாட்டுத் தக்காளியாகப் பார்த்து.